பிஸ்கட்டவே மாமனார் எஸ்தோனியம் படித்த கதை

1

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்கு என்னென்னவோ வரும். சர்க்கரை வரும், மூட்டுவலி வரும், ஊரில் அப்போதே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே என்கிற ஞானம் வரும். எனக்கு எஸ்தோனிய மொழி வந்தது. வந்தது என்று சொல்வதும் பொய். இன்றுவரை வரவில்லை, அதுதான் வியாதி.

போன வாரம் என் மகளின் கல்யாண நாள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் தங்கை போனில் கூப்பிட்டு எல்லோரையும் வாழ்த்திவிட்டு, கடைசியில் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்ணா, மாப்ள பாஷையெல்லாம் படிக்கறீங்களாமா? இந்த வயசுல எதுக்குங்ணா உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?"

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன். தங்கைக்கு மட்டுமல்ல, இதே கேள்வியை வாட்ஸப்பில் சிரிக்கும் பொம்மை போட்டுக் கேட்ட அத்தனை பங்காளிகளுக்கும் சேர்த்து.

நான் நியூஜெர்சியில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் இருக்கிறேன். ஒரு மருந்துக் கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற உத்தியோகம். மனைவி தனம். ஒரே மகள் மது, இங்கேயே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய், வகுப்பு முடியும் வரை வெளியே காரிலேயே காத்துக் கிடந்து வளர்த்தேன். பலன், நான் தமிழில் என்ன சொன்னாலும் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். "ஐ அண்டர்ஸ்டாண்ட், அப்பா. ஓகே?" என்பாள். அதற்கு மேல் எந்தத் தகப்பன் என்ன செய்ய முடியும்?

அப்படிப்பட்ட மது, யுனிவர்சிட்டியில் கூடப் படித்த இந்த்ரெக் என்கிற எஸ்தோனியப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எஸ்தோனியா எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பின்லாந்துக்குக் கீழே, கடலுக்கு இந்தப் பக்கம். மொத்த நாட்டு ஜனத்தையும் நம் கோயமுத்தூருக்குள் உட்கார வைத்துவிடலாம். மாப்பிள்ளையின் பெயர் என் தங்கை வாயில் நுழையவில்லை. "இந்திரன் மாப்ள" என்று வைத்துக்கொண்டாள். நல்லவேளை, பெரிய பதவி.

பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. கல்யாணமான இரண்டே வருஷத்தில் என் மகள் எஸ்தோனியம் பேச ஆரம்பித்துவிட்டாள். மாமியாருக்கு ஆங்கிலம் வராது என்று கற்றுக்கொண்டாளாம். தடங்கல் இல்லாமல், கை ஆட்டி, இடையிலே சிரித்து. எனக்கு வயிறு எரிந்தது. எரியாதா? இந்த வாயிலிருந்து 'வணக்கம்' வரவழைக்க நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவர்கள் இருவரும் தங்களுக்குள் அந்த மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அதில் 'டார்ட்டு' என்கிற சொல் மூன்று நான்கு தரம் வந்தது. டார்ட்டு மாப்பிள்ளையின் ஊர். பேச்சு முடிந்ததும் இருவரும் ஒரே சமயத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு ரசம் இறங்கவில்லை. அங்கேயே போய் இருந்துவிடப் போகிறார்களோ?

அன்று சாயங்காலமே எஸ்தோனிய வகுப்பில் சேர்ந்தேன். வெளியே சொன்ன காரணம், மாப்பிள்ளையின் மொழிக்கு மரியாதை. உண்மையான காரணம், ஒட்டுக் கேட்பது.

2

டீச்சர் பெயர் டீனா. கம்ப்யூட்டர் திரையில் வருவார். வகுப்பில் என்னோடு இன்னும் இரண்டு பேர். இருவரும் சின்ன வயசு, எது சொன்னாலும் பிடித்துக்கொண்டார்கள். நான் ரிட்டயர்மெண்ட் வாசலில் நின்றுகொண்டு 'இது ஆப்பிள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எஸ்தோனியத்தில் பதினான்கு வேற்றுமை. தமிழில் எட்டு வேற்றுமைக்கே பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியவன் நான். ஆனால் என்னைக் கவிழ்த்தது வேற்றுமை இல்லை, கூட்டு வினை. ஒரு வினைச்சொல், அதற்கு ஒரு ஒட்டு. 'சாமா' என்றால் பெறுவது. அதோடு 'அரு' சேர்ந்தால் புரிந்துகொள்வது, 'ஹக்கமா' சேர்ந்தால் சமாளிப்பது. 'அல்லா' என்றால் கீழே. கீழே எழுதினால் கையெழுத்துப் போடுவது. சரி, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'வால்யா' என்றால் வெளியே. வெளியே பார்த்தால் என்ன அர்த்தம் என்று டீனா கேட்டார். ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பது என்றேன். இல்லையாம். ஒரு ஆள் பார்வைக்கு எப்படி இருக்கிறார் என்பதாம். நீங்கள் நன்றாக வெளியே பார்க்கிறீர்கள் என்றால், ஆள் ஜம்மென்று இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதில் இன்னொரு கொடுமை, இரண்டும் சேர்ந்தும் இருக்காது. வினை முன்னால் ஏறிக்கொள்ளும், ஒட்டு வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும். ரயிலில் பெர்த் பிரிந்து கிடைத்த புருஷன் பெண்டாட்டி மாதிரி. நான் பாதி வாக்கியம் போவதற்குள் ஒட்டை மறந்துவிடுவேன். சில நாள் ஒட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வினையைத் தொலைத்துவிடுவேன்.

'ஆரா' என்று ஒரு ஒட்டு இருக்கிறது, அது சுத்த சகுனி. பின்னால் வந்தால் 'மினெ ஆரா', போய்விடு. அதையே முன்னால் போட்டால் 'ஆரா மினெ', போகாதே. விருந்தாளியை இருக்கச் சொல்லி ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார் டீனா. நான் ஆச்சரியக்குறி வேறு போட்டு 'மினெ ஆரா!' என்று எழுதிப் போனேன். டீனா அதை வெகுநேரம் பார்த்தார். "உங்கள் வீட்டுக்கு அதிகம் பேர் வருவதில்லையோ?" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அந்த ஊர் நகைச்சுவை அப்படித்தான், குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல வரும்.

அவரைக் குற்றம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை என்பதும் அந்த வகுப்பில்தான் தெரிந்தது. தமிழிலும் இப்படி உண்டா என்று கேட்டார். 'வாங்கிக் கட்டிக்கொண்டேன்' என்று ஒன்று இருக்கிறது என்றேன். வாங்கு, கட்டு, கொள் என்று மூன்றையும் பிரித்துச் சொன்னேன். "என்ன வாங்கினீர்கள்?" என்று கேட்டார். "திட்டு" என்றேன். அன்றுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

வீட்டில் தனம்தான் வாங்கிக் கட்ட வைத்தாள். சமையலறையில் நான் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், "ஏனுங்க, சாமி வந்த மாதிரி என்னமோ முனகறீங்களே, ஒடம்புக்கு நல்லாத்தான இருக்குது?" என்றாள்.

3

இங்கே மாப்பிள்ளை மரியாதையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பொதுவாகவே மரியாதை கொஞ்சம் தூக்கல். பால் குடிக்கிற குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்போம். மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த்ரெக் வாசலில் கால் வைத்தால் நான் எழுந்து நிற்பேன். "வாங்க மாப்ள, உக்காருங்க." நல்ல சோபா அவருக்கு. முதல் இலை அவருக்கு. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனால் தனம் பாய்ந்து பிடுங்கிவிடுவாள். ஒரு தடவை கொல்லையில் உதிர்ந்து கிடந்த இலைகளை அவர் வாரத் தொடங்கினார். நான் ஓடிப்போய்த் துடைப்பத்தை வாங்கி வைத்தேன். மாப்பிள்ளை கூட்டிப் பெருக்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? ஒருபுறம் குஜராத்தி வீடு, மறுபுறம் போலந்துக்காரக் கிழவர். அந்த நாலு பேர் யார் என்று எனக்கே தெரியாது, ஆனால் அவர்களுக்குப் பயந்துதான் நான் அமெரிக்காவில் வாழ்கிறேன்.

கிரீன் கார்டு நேர்காணலில், இது நிஜக் கல்யாணம்தானா என்று பார்க்க அதிகாரி குடும்பத்தைப் பற்றியெல்லாம் கேட்பார். "உங்கள் மாமனார் எப்படிப்பட்டவர்?" என்று இந்த்ரெக்கிடம் கேட்டிருக்கிறார். இவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அவர் எழுந்து நிற்பார்" என்றாராம். அதிகாரி அதை எழுதிக்கொண்டாராம். மது வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மரியாதை அரசாங்கம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று.

செப்டம்பரில் மது முழுகாமல் இருக்கும் செய்தி வந்தது. மே மாதம் பிரசவம். தீபாவளிக்கு இருவரும் வந்தார்கள். இப்போது உபசாரம் இரட்டிப்பு. தனம் இட்லி வைத்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டு முடித்தார், தனம் மேலும் இரண்டு வைத்தாள். அதையும் முடித்தார். நான் ஊக்கப்படுத்துகிறேன் பேர்வழி என்று, மரியாதை விகுதியெல்லாம் போட்டு, "ஸோகே ஆரா!" என்றேன். முழுசும் சாப்பிட்டுவிடுங்கள். அவர் முகம் கொஞ்சம் வெளிறியது. ஆனாலும் முடித்தார். தனத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாவம், அங்க இட்லி கெடைக்குமா?" என்று இன்னும் இரண்டு.

ஒன்பதாவது இட்லியில் மது தட்டை இழுத்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் தட்டில் மிச்சம் வைப்பது அவமரியாதை. நம் வீட்டில் தட்டைக் காலியாக விடுவது அவமரியாதை. இந்த இரண்டு நாகரிகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை சாக இருந்தது. நான் வேறு பக்கத்தில் நின்று அவர் தாய்மொழியிலேயே உற்சாகக் கூச்சல் போட்டிருக்கிறேன்.

4

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் மதுவைக் காரில் இந்தியக் கடைக்குக் கூட்டிப்போனேன். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் அவள் இறங்கவில்லை. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, இந்த்ரெக் ஹாஸ் எ ஜாப் ஆஃபர் இன் டார்ட்டு" என்றாள். மார்ச்சில் சேர வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரசவம் அங்கேதான். அதற்கப்புறம் அங்கேயே.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"இங்க என்ன கொறச்சல் அவருக்கு?"

"ஹி திங்க்ஸ் யூ டோன்ட் லைக் ஹிம்."

"நானா? அவருக்கா? வந்தா எந்திரிச்சு நிக்கறேன், மொத எலை போடறேன், அந்தப் பாஷைய வேற படிச்சுத் தொலைக்கறேன்..."

"எக்ஸாக்ட்லி, அப்பா. மூணு வருஷமா ஹி இஸ் எ கெஸ்ட். ஒரு ஸ்பூன் கழுவ விட்டிருக்கீங்களா?"

கோபத்தில் அவளுக்கு அரைத் தமிழ் வந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அப்புறம் ஆங்கிலத்தில் விவரமாகச் சொன்னாள். அவள் முதன்முதலில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மாமனார் வா என்றுகூடச் சொல்லவில்லையாம். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை முன்னால் வைத்துவிட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடந்தாராம். சாயங்காலம் வரை மண்ணில் இவளும் சேர்ந்து கிழங்கு தோண்டினாள். அந்த ஊரில் விருந்தாளிக்குக் காப்பி கொடுப்பார்கள், வீட்டு ஆளுக்கு வேலை கொடுப்பார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அவளாகவே மாமியாரை அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த நாளின் போட்டோ எனக்கு நன்றாக நினைவிருந்தது. முழங்கால் வரை சேறு, கையில் கூடை. "ஒத்தப் பொண்ணக் கட்டிக் குடுத்தா கெழங்கு தோண்ட விடறானுகளா!" என்று நான் குதித்தேன். தங்கைக்கு அனுப்பாதே என்று தனத்திடம் சத்தியம் வாங்கினேன். அவர்கள் என் பெண்ணைத் தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். நான் அவர்கள் பையனை மூன்று வருஷமாக வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன், சோபா போட்டு.

கடைக்குள் போய் என்ன வாங்கினோம் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் துவரம் பருப்பு மட்டும் இரண்டு மூட்டை இருந்தது.

5

"சனிக்கெழம மாப்ளைக்கு ஒரு வேலை குடுக்கப் போறேன்" என்றேன் தனத்திடம்.

"மாப்ளைய வேலை வாங்கறதா? அடுக்குமாங்க? உங்க தங்கச்சிக்குத் தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும். புள்ளையும் பேரனும் ஏரோப்ளேன் ஏறுனதுக்கு அப்புறம் ஊரையும் சோபாவையும் கட்டிக்கிட்டு அழுவோம்."

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஒப்புக்கொண்டாள் என்றும் அர்த்தமில்லை.

என்ன வேலை கொடுப்பது? கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் ஓடுவதற்குத் தகரக் கால்வாய் இருக்கும், இங்கே கட்டர் என்பார்கள். இலையுதிர்ந்து அது அடைத்துக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் ஆள் வைத்துத்தான் சுத்தம் செய்வேன், எனக்கு ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். டீனாவிடம் கேட்டு 'உதவிக்கு வாருங்கள்' என்பதற்கு வாக்கியம் வாங்கிக்கொண்டேன். 'துல்கே அப்பி.' வினையும் ஒட்டும் சேர்ந்தேதான் வரவேண்டும், 'அப்பி' மட்டும் தனியாகச் சொன்னால் தண்ணீரில் மூழ்குகிறவன் போடுகிற கூச்சல் அது என்று எச்சரித்தும் அனுப்பினார்.

சனிக்கிழமை காலை ஏணியைச் சுவரில் சாத்தினேன். மதுவும் மாப்பிள்ளையும் வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கொல்லைக் கதவைத் திறந்து மூச்சை இழுத்துக் கூப்பிட்டேன். வினை தொலைந்துவிட்டது.

"அப்பி!"

இந்த்ரெக் சாக்ஸ் காலோடு பாய்ந்து வந்தார், பின்னாலேயே மது வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நான் ஏணிக்குப் பக்கத்தில் கல்லுக்குண்டு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"கட்டர்" என்றேன். "நீங்க. மேல. ப்ளீஸ், மாப்ள."

அவர் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கிரீன் கார்டு வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. காது மடலெல்லாம் சிவந்து, ஷூ மாட்ட ஓடினார்.

நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் மேலே இருந்து அழுகிய இலைகளை அள்ளிப் போட்டார். பாதி என் தலையில் விழுந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் அமையாது என்று தோன்றியது. மாசக்கணக்கில் மனசுக்குள் உருட்டி வைத்திருந்த வாக்கியத்தை, ஒட்டு சிந்தாமல் எடுத்தேன்.

"கஸ் தே லாஹெதே ஆரா?" போய்விடப் போகிறீர்களா?

இலை விழுவது நின்றது. மேலேயிருந்து ஆங்கிலத்தில் குரல் வந்தது. "மூன்று வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது."

"ஏனுங்க மாப்ள, வர்றப்பெல்லாம் கேக்கறனே!" என்று நானும் ஆங்கிலத்தில் இழுத்தேன்.

"போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா. அது மட்டும்தான் கேட்பீர்கள். மற்றதெல்லாம் மதுவிடம் கேட்பீர்கள்."

மாப்பிள்ளையிடம் நேராக எதையும் கேட்கக்கூடாது, பெண்ணிடம் சொன்னால் அவள் பக்குவமாகக் காதில் போடுவாள் என்பதுதான் எங்கள் வழக்கம். என் மாமனாரும் அப்படித்தான். நான் தனத்தைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கா கிளம்பிய அன்று ஈரோடு ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் நகர்கிற வரை பக்கத்திலேயே நின்றார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "டிபன் ஆச்சுங்களா மாப்ள?" நாங்கள் போவதில் அவருக்கு ஒன்றும் வருத்தமில்லை என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். போகாதீங்க என்று அவர் சொல்லியிருந்தால் நின்றிருப்பேனா? மாட்டேன், போயிருப்பேன். ஆனால் ஒரு மனுஷன் என்னை வேண்டும் என்று நினைத்தான் என்பது தெரிந்து போயிருப்பேன்.

இதற்கு மேல் எஸ்தோனியத்தை நம்ப எனக்குத் தைரியமில்லை. ஆராவை இடம் மாற்றிப் போட்டு, ஓடிப்போ என்று சொல்லிவிட்டால்? தமிழிலேயே சொன்னேன். ஏணியைப் பார்த்துச் சொன்னேன்.

"போகாதீங்க மாப்ள. இங்கயே இருங்க. மதுவுக்காகச் சொல்லல. பேரப்புள்ளைக்காகவும் சொல்லல. செரி, அதுக்கும்தான். ஆனா எனக்கு நீங்க வேணும்."

அவருக்குத் தெரிந்த தமிழ் 'போதும்', 'சாம்பார்', 'வாங்க', 'இருங்க' அவ்வளவுதான். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் குரல் உடைந்ததாவது கேட்டிருக்கும். மறுபடி இலை விழ ஆரம்பித்தது. நான் அழுக்கை வழித்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் என்று எண்ணிக்கொண்டேன்.

திடீரென்று தகரத்தைத் தட்டும் சத்தம்.

"இந்த மூலை ஓட்டை. இந்தப் பக்கம் பூராவும் மாற்ற வேண்டும். யார் செய்த வேலை இது? படு மோசம்."

"வெச்சு ரொம்ப வருஷமாச்சுங்க" என்றேன்.

"மே மாதம் முடியாது, குழந்தை வரும். ஜூனில் மாற்றிவிடலாம். இரண்டு நாள் வேலை. நல்ல ஏணியாக ஒன்று வாங்கி வையுங்கள். இப்போது இதை ஒழுங்காகப் பிடியுங்கள், பூச்செண்டைப் பிடிப்பதுபோலப் பிடித்திருக்கிறீர்கள்."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மாப்பிள்ளை என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. ஏணியை இறுக்கிப் பிடித்தேன். அதற்கப்புறம்தான் கணக்கு மண்டையில் ஏறியது. டார்ட்டு வேலை மார்ச்சில். மனுஷன் ஜூனில் கட்டர் மாற்றுகிறேன் என்கிறார்.

அவர் இறங்கி, ஆணி எடுக்க கராஜுக்குப் போனதும் நான் சமையலறைக்குள் போனேன். தலையிலும் தோளிலும் அழுகிய இலை. தனம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க சொன்னாரு மாப்ள?"

"கட்டர் பூராத்தையும் மாத்தோணுமாமா."

"அதுக்கு எதுக்குங்க அழுவறீங்க? ஆனது ஆகட்டும், மாத்துங்க."

"ஜூன்லதான் வந்து மாத்தறாராமா."

"ஜூன்லயா?" என்றாள். கரண்டி கையிலேயே நின்றது. அடுப்பை அணைத்தாள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, நேராகக் கொல்லை வாசலுக்குப் போய், கராஜ் பக்கம் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

"இந்திரா! ஏப்பா, கை கழுவிட்டு வந்து இந்த மிக்ஸிய என்னன்னு கொஞ்சம் பாரு!"